கலந்தால் கெட்டி

மனைவி: மெதுவா போங்க. மெஷின் ட்ரையல் பத்து மணிக்குத்தானே...

கணவன்: முதலாளியே வந்து பட்டனை அமுக்கப் போறார். பாட்டில் ஒழுங்கா நிறைஞ்சாத்தான் உனக்கு வேலை நிரந்தரம். நீ என்னடான்னா பின்னாடி உட்கார்ந்து காத்து வாங்கிட்டு வர்றே!

மனைவி: நான் பயந்தா பாட்டில் நிறைஞ்சிடுமா?

கணவன்: அடேங்கப்பா! சரி கணக்கம்மா, ஒரு சந்தேகம்...

மனைவி: லேப்காரருக்கே சந்தேகமா? கேளுங்க, கேளுங்க.

கணவன்: அந்தக் கை சுத்தம் பண்ற திரவம்... தண்ணியும் ஆல்கஹாலும். எவ்வளவு கெட்டியா இருக்கும்னு எப்படிக் கணிச்சே?

மனைவி: ரெண்டுக்கும் நடுவுலன்னு போட்டேன். அதை வெச்சுத்தான் குழாய் அளவு, ஒரு பாட்டிலுக்கு எத்தனை நொடி... எல்லாம்.

கணவன்: நடுவுல... ம்ம்.

மனைவி: என்ன ம்ம்?

கணவன்: ஒண்ணுமில்ல, பள்ளம்.

மனைவி: பள்ளத்துக்கெல்லாம் ம்ம் போடுற ஆளா நீங்க?

கணவன்: கோவிச்சுக்க மாட்டியே? ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம்...

மனைவி: நுழைச்சாச்சா?

கணவன்: நுனி மட்டும்! நேத்து கலவையை டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். எண்ணெயோட எண்ணெய்னா உன் கணக்கு ஓரளவு ஒத்து வரும். இது அப்படி இல்ல. தனித்தனியா ரெண்டும் சாதுவா ஓடுது. கலந்தா ரெண்டையும் விடக் கெட்டி... ரெண்டு மடங்குக்கு மேல!

மனைவி: கல்யாணத்துக்கு முன்னாடி நாமளும் சாதுவாத்தான் இருந்தோம்.

கணவன்: சிரிக்கறியா? உன் கணக்கை அப்படியே விட்டா பாட்டில் பாதிகூட நிறையாதுடி!

மனைவி: தெரியும்.

கணவன்: தெ... தெரியுமா?

மனைவி: நேத்து மத்தியானம் நானே குழாயில ஓட விட்டுப் பார்த்தேன். பகீர்னு ஆயிடுச்சு. உங்ககிட்ட சொன்னா ஆயுசு பூரா கிண்டல் பண்ணுவீங்க. அதான் கமுக்கமா சரி பண்ணிட்டேன்.

கணவன்: நீயா? என்ன பண்ணே?

மனைவி: அது இருக்கட்டும்... உங்க முதுகு ஏன் இப்படி வேர்க்குது?

கணவன்: அது... எல்லார் முன்னாடியும் உன் முகம் வாடிடக் கூடாதேன்னு... நேத்து சாயங்காலம் மெக்கானிக்கைப் பிடிச்சு, உன் சின்னக் குழாயையெல்லாம் கழட்டிட்டு, பெரிசா மாட்டிட்டேன். இனிமே அதே நொடிக்குள்ள கழுத்து வரைக்கும் கச்சிதமா நிறையும்.

மனைவி: எனக்காகவா? என் தங்கமே... ஐயையோ!

கணவன்: என்ன ஐயையோ? நீ என்னதான் பண்ணி வெச்சே?

மனைவி: வண்டியை முறுக்குங்க! நான் நொடியை ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தி வெச்சிருக்கேன்... பட்டனை அமுக்கினா முதலாளி வேட்டி, சட்டை, செருப்பு எல்லாம் சுத்தமாயிடும்!