குச்சி விழுந்த இடம்

உங்களுக்கு ஒலியை வெட்டி ஒட்டும் இந்த மாதிரி மென்பொருள் எப்போதாவது தேவைப்பட்டால், வாங்குவதற்கு முன் சிம்பலில் சோதித்துப் பாருங்கள். டிரம்ஸ் செட்டில் ஸ்டாண்டின் மேல் உயரமாக நிற்குமே, அந்தப் பித்தளைத் தட்டு. அடித்து முடித்த பிறகும் அதன் ஓசை இழுத்துக்கொண்டே போகும். டிரம்மின் அடியை எந்த மென்பொருளும் துண்டு போட்டுவிடும். பித்தளை ஓசை இழுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வெட்டி, துண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து, மறுபடி ஒட்டிக் கேட்க வேண்டும். ஒட்டு தெரிந்தால் வேண்டாம். தெரியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நீங்கள் கேட்டது இதுவல்ல என்று எனக்குத் தெரியும் சார். ஆனால் அங்கிருந்து தொடங்கினால்தான் வரிசையாக வரும்.

எங்கள் ஸ்டூடியோ ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே கண்ணாடி அறுக்கும்போது மேலே பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். நான் பதிவு செய்கிறவன். என் தம்பி டிரம்ஸ் வாசிப்பவன். இசைக்காரர்கள் அவனைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேகத்தில் தொடங்கினாலும் பாட்டு முடியும் வரை மயிரிழை பிசகாது. அந்த செட்டை அப்பா முதலில் எனக்குத்தான் வாங்கித் தந்தார். ஒரு நாள் நான் வாசித்து எழுந்த பிறகு தம்பி விளையாட்டாக உட்கார்ந்து தட்டினான். கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "சின்னவன் வாசிக்கட்டும்டா. நீ அவனுக்கு மைக் பிடி" என்றார். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. மைக் பிடிக்கவும் ஆள் வேண்டுமே. அன்று பிடித்தது, அப்படியே தொழிலாகிவிட்டது.

மென்பொருள் தேடத் தொடங்கியது நல்ல எண்ணத்தில்தான். விளம்பரப் படங்களுக்கு இசை கேட்பவர்கள் உடனே வேண்டும் என்பார்கள். தம்பியின் வாசிப்பைப் பதிந்து, சின்னச் சின்னச் சுற்றுகளாக வெட்டி வைத்துக்கொண்டால் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அவனே அதற்குச் சம்மதித்தான். முதலில் பார்த்த மென்பொருள் வேகமாக வெட்டியது, ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் டப்பென்று ஒரு சின்னச் சத்தம் விட்டது. இன்னொன்று எல்லா அடியையும் தானாகவே நேர்க்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியது. தம்பிக்கு அது அவசியப்படவில்லை. அவன் அடிகள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. இரண்டையும் அழித்துவிட்டு வேறு தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவன் படியேறி வந்து, வெளிநாடெல்லாம் போய் வாசிக்கும் ஒரு பெரிய குழு தன்னை நிரந்தரமாகக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னான்.

நான் அவனைக் கட்டிக்கொண்டேன். அப்போது அவன், "அண்ணா, சவுண்டுக்கு யாராவது வேணுமான்னு அவங்ககிட்ட கேக்கட்டுமா? உன்னயும் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அவன் எதையும் நல்ல மனதோடுதான் சொல்வான். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அந்த வாரம் நான் மூன்றாவது மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒவ்வொரு அடியையும் தனியாக எடுத்து, நொடியில் ஆயிரத்தில் சில பங்கு முன்னே பின்னே நகர்த்தலாம். நகர்த்திய இடத்தில் விழும் இடைவெளியை, சிம்பலின் இழுப்பைக்கொண்டு அதுவே நிரப்பிவிடும். தடுமாறும் தாளத்தைச் சீராக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். சீரான தாளத்தையும் தடுமாற வைக்கலாம் என்று போடவில்லை. அதை நானாகவே கண்டுபிடித்தேன்.

முதலில் வலது கை அடிகளை மட்டும் தொட்டேன். அதிலும் ஒன்றிரண்டைத்தான். வாசித்துவிட்டு டீ குடிக்கப் போனவன் திரும்பி வந்ததும் போட்டுக் காட்டினேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இது நானா வாசிச்சேன்?"

"களைப்பா இருக்கும்டா. விடு."

ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தாளம் தப்புகிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆறுதல்தான் சொன்னேன். அடுத்தடுத்த பதிவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். சில நாள் வேண்டுமென்றே ஒன்றும் செய்யாமல் அப்படியே போட்டுக் காட்டுவேன். அன்று அவன் முகம் விளக்கு போட்ட மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு நாள் இருந்தால்தான் மறுநாள் விழுவது ஆழமாக விழும்.

அவன் தூக்கத்தைத் தொலைத்தான். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். ஒரு நாள் கேட்டான்: "வாசிக்கும்போது சரியாத்தான் இருக்குண்ணா. கேட்டாத்தான் தப்பா இருக்கு. காதுல கோளாறா, கையிலயா?"

"காது நல்லாத்தான்டா இருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

அன்றைக்கே அந்தக் குழுவுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. "வீட்ல கொஞ்சம் வேலை" என்றான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். நிறுத்தினால் மறுநாளே அவன் கை சரியாகிவிடும். சரியானால் மறுபடி போன் செய்வான். அதனால் தொடர்ந்தேன்.

டாக்டரிடம் போக வேண்டும் என்றது அவன்தான். முதலில் பார்த்தவர் கையில் ஒன்றுமில்லை, மனசைப் பாருங்கள் என்றார். அவர் கெட்டிக்காரர். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. கைக்கென்றே இருக்கும் இன்னொரு டாக்டரிடம் போனோம். நான் பதிவுகளை வரிசைப்படுத்திக் கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டினேன். மாதாமாதம் வலது கை எப்படித் தளர்ந்துகொண்டே வருகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும்படி இருந்தது. நன்றாகவே செய்திருந்தேன். டாக்டர் அதை வைத்தே, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாகச் சொன்னார். திறந்து சரிசெய்யலாம், ஆனால் கைக்கு உத்தரவாதம் கிடையாது என்றும் சொன்னார்.

அறுவைக்கு உள்ளே கொண்டுபோகும்போது அவன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "எல்லாம் முடிஞ்சதும் மொதல்ல நீதான்ணா கேக்கணும். உன் காதுதான் எனக்கு நம்பிக்கை" என்றான். அவன் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவித்தேன். அந்தக் கையால் அவன் இறுக்கிப் பிடித்த கடைசிப் பொருள் என் சட்டைதான் என்று பிறகு தோன்றியது. புண் சீழ் பிடித்துவிட்டது. மறுபடி திறந்தார்கள். இப்போது இரண்டு விரல் மடங்காது.

மாட்டிக்கொண்டது போன் வீடியோவால். என் கணக்கில் அது வரவே இல்லை. தம்பி வாசிப்பதை அவன் மனைவி எப்போதோ ஸ்டூடியோ கண்ணாடி வழியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். கை போன பிறகு அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அந்தப் படத்தோடு எங்கள் பதிவைச் சேர்க்கப் பார்த்திருக்கிறாள். நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, குச்சி விழற இடமும் சத்தம் வர்ற இடமும் வேற வேறயா இருக்கு."

"போன்ல எடுத்தா அப்படித்தாம்மா இருக்கும்."

"போன்ல பதிஞ்ச சத்தம் சரியா ஒட்டுது மாமா. நீங்க குடுத்ததுதான் ஒட்டல."

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவன் வீடியோவைப் பார்க்கக்கூட மறுத்துவிட்டான். "எங்க அண்ணனப் பத்தி இப்படிப் பேசினா இந்த வீட்ல இருக்காத" என்றானாம். அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்துதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். பாவம், சொன்னது எல்லாம் உண்மை. அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

அதன் பிறகு தம்பியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சட்டைப் பித்தான் போடுவது, சோறு பிசைந்து வைப்பது, எல்லாம். அவன் இப்போது எங்கேயும் போவதில்லை. வேறு யார் இவ்வளவு செய்வார்கள், சொல்லுங்கள்.

செய்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனை ஏமாற்றினேன் என்று நீங்கள் எழுதுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எனக்காகச் சாட்சி சொல்ல வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பலகையில் தட்டிக்கொண்டிருக்கிறானே, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கேளுங்கள் சார். தாளம் தப்புகிறது. வலது கைதான். நான் போட்டுக் காட்டியதும் இதையேதான்.