தினமும்தான் டெஸ்ட் பண்றேன்

...இல்ல சார், போனைப் பிடுங்கி வெச்சா ரெண்டு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடும்னு சுலபமா சொல்லிடலாம். அழுதா பரவாயில்லையே. என் பொண்ணு அழ மாட்டா. சும்மா என்னையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. பத்து வயசுப் புள்ள, ஒரு மணி நேரம், ஒரு வார்த்தை பேசாம. கண்ணாடிக் கடை வெச்சு இத்தனை வருஷத்துல எத்தனை கண்ணைப் பார்த்திருப்பேன், அந்தப் பார்வையை மட்டும் என்னால தாங்க முடியல.

உக்காருங்க, எங்க எழுந்திரிக்கிறீங்க? உங்க கண்ணாடி என் கையில இருக்கு. அது இல்லாம வாசப்படி எங்கன்னே உங்களுக்குத் தெரியாது. இந்த ஸ்க்ரூ தேஞ்சு போச்சு, வேற போட்டுத் தரேன். பத்து நிமிஷம்.

ஸ்கூல் லீவு விட்டாங்க பாருங்க, அன்னைக்கு ஆரம்பிச்சுது. வீட்டுக்காரி ஏழு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிடுவா. மருந்துக் கம்பெனியில பாட்டில் மேல லேபிள் கோணலா ஒட்டியிருக்கான்னு பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்து என்னையும் அப்படித்தான் பார்ப்பா, அதை விடுங்க. அதனால பாப்பா என்னோட கடைக்கு வந்துடும். வந்ததும் அந்த மூலை நாற்காலி, கையில என் போன். காலையில குனிஞ்ச தலை, கடை சாத்தும்போதுதான் நிமிரும்.

நானும் என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன். சார்ஜரை ஒளிச்சு வெச்சேன். எங்க வெச்சேன்னு மறந்துபோய் அவகிட்டயே கேட்டேன், எடுத்துக் குடுத்தா. சரி, கடையில இருக்கிற ஃப்ரேமை எல்லாம் துடைச்சு அடுக்குன்னேன். சைஸ்படி இருந்ததைக் கலர்படி அடுக்கிட்டா. ஒரு வாரம் கஸ்டமர் முன்னால திருதிருன்னு முழிச்சேன். செஸ் போர்டு வாங்கிட்டு வந்தேன். தொடர்ந்து மூணு ஆட்டம் தோத்ததும் எனக்குக் கோபம் வந்துடுச்சு. நான்தான் சார் போர்டை மடிச்சு வெச்சேன், அவ இல்ல.

அப்புறம் ஒரு யோசனை வந்துது. அன்னைக்கு என் மூளையை நினைச்சு எனக்கே புல்லரிச்சுது. அதோ சுவர்ல எழுத்துச் சார்ட் தொங்குதில்ல, தினமும் காலையில இந்தக் கோட்டுல நின்னு அதோட கடைசி வரியைப் படிக்கணும். தப்பில்லாம படிச்சா ஒரு மணி நேரம் போன். ஒரு எழுத்து தப்பினாலும் அன்னைக்கு போன் கிடையாது, கண்ணுக்கு ஓய்வு. எப்படி? நான் கெட்டவன் ஆக வேண்டாம், சுவரே சொல்லிடும். போன் பார்த்துப் பார்த்துக் கண்ணு சோர்ந்து எப்படியும் ஒரு நாள் தப்பு விடுவான்னு கணக்குப் போட்டேன்.

விடலயே. வந்து நிப்பா, கடகடன்னு ஒப்பிப்பா, கையை நீட்டுவா. ஒரு மாசம் சார், ஒரு நாள் கூடத் தப்பல. எனக்குப் போன் போச்சேன்னு வருத்தம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், என் பொண்ணுக்குப் பருந்துக் கண்ணுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எதிர்க்கடை மாமா கையாட்டினாலும் திரும்பிப் பார்க்காம நிப்பா. மரியாதை தெரியலைன்னு திட்டினேன். புஸ்தகத்தை மூக்குல ஒட்டி வெச்சுப் படிப்பா. என்ன ஈடுபாடுன்னு நினைச்சேன். வீட்டுக்காரி சொன்னா, "புள்ளைக்குப் பார்வையில ஏதோ சரியில்லங்க, ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தினமும்தான் டெஸ்ட் பண்றேன், நீ உன் பாட்டிலைப் பாரு"ன்னேன்.

போன வாரம் பழைய சார்ட் ஓரம் கிழிஞ்சுதுன்னு புதுசு மாட்டினேன். எழுத்தெல்லாம் வேற. மறுநாள் காலையில பாப்பா கோட்டுல வந்து நின்னா. கடகடன்னு ஒப்பிச்சா. நானும் தலையாட்டிட்டுப் போனை எடுத்துக் குடுத்துட்டேன். டெஸ்டுக்குக் காத்திருந்த ஒரு பெரியம்மா மெதுவா, "தம்பி, எனக்கு அங்க வேற எழுத்தா தெரியுதே"ன்னாங்க. பாவம், தன் கண்ணுதான் போயிடுச்சுன்னு பயந்துட்டாங்க. நான் சுவரைப் பார்க்கிறேன். பாப்பா சொன்னது பழைய சார்ட், மனப்பாடமா.

கடையை அப்படியே போட்டுட்டு அவளை உக்கார வெச்சுப் பார்த்தேன். மேலேருந்து ரெண்டாவது வரி, அதோட சரி. அதுக்குக் கீழ ஒண்ணுமே தெரியல சார். ஏண்டி சொல்லலைன்னேன். "தெரியலைன்னா போன் கிடையாதுன்னு நீதானேப்பா சொன்ன"ங்கிறா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, எத்தனை நாளா இப்படின்னு அவர் கேக்கிறார். லீவுக்கு முன்னாலேருந்தேன்னு இவ சொல்றா. டாக்டர் என் தொழில் என்னன்னு கேட்டார். நான் வியாபாரம்னு சொல்லி வெச்சேன்.

ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் ரெண்டரை பவர். நானே லென்ஸ் போட்டுக் குடுத்தேன், அவசரத்துல ஒரு லென்ஸ் உடைஞ்சுது, வேற போட்டேன். இப்ப போன் கேக்கிறாளான்னா கேக்கிறா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாதி நேரம் அந்த வாசல் ஸ்டூல்லதான். எதிர் மாடியில பூனை இருக்காமே. மூணு வருஷமா அங்கதான் இருக்கு. இவளுக்கு ஒரு முழ தூரத்துக்கு அந்தப் பக்கம் எல்லாமே புகை மாதிரி இருந்திருக்கு சார். போன் மட்டும்தான் தெளிவா தெரிஞ்சிருக்கு. அதைத்தான் நான் பூட்டி வெச்சேன்.

நேத்து அங்கேருந்தே இங்க பார்த்துக்கிட்டிருந்தா. என்னடின்னேன். "அப்பா, நீ பேச ஆரம்பிச்சா வர்றவங்க எல்லாரும் கடியாரத்தையே பார்க்கிறாங்கப்பா"ங்கிறா. எவன் பார்க்கிறான்னு கேட்டேன். "எல்லாரும்"னா. கண்ணு தெரிஞ்சதும் முதல் வேலையா...

இந்தாங்க, போட்டுப் பாருங்க. நல்லா நிக்குதா? எங்க பார்க்கிறீங்க... சார், கண்ணாடிக் கூட்டை விட்டுட்டுப் போறீங்க. சார்.

பாப்பா, அந்த மாமா எந்தப் பக்கம் போறார்னு பாரு.