நடுங்காத விரல்

— இன்னொரு வாட்டி இழுங்க. அந்தப் பச்சைப் பட்டனை இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசி வரைக்கும்.

— நாலு வாட்டி இழுத்துட்டேன் ஷீலா. ஆம்புலன்சைக் கூப்பிட மாட்டேங்கு.

— காலையிலருந்து முந்நூறு வாட்டி கூப்பிட்டுச்சே!

— யாரு இழுத்தா? நீயா?

— ஆப்பைச் சோதிச்சுப் பாக்க நான் எழுதுன புரோகிராம். இங்கன அமுக்கு, அங்கன வரைக்கும் இழு, விடுன்னு எழுதி வச்சா, விரல் தொட்டதாவே போன் நம்பிரும்.

— விரலே இல்லாமலா? நல்ல கூத்து.

— அஞ்சு மணிக்கு நான் சரின்னு மெயில் போட்டா, நாளைக்கு இந்த ஆப் எல்லாரு கைக்கும் போயிரும்.

— போட்டுற வேண்டியதுதான? நான் ஒருத்தன் இழுத்து வரலேன்னா என்ன?

— இருங்க. விரல் போன தடத்தைப் போன் கோடு போட்டுக் காட்டும். இந்தா, புரோகிராம் இழுத்தது. ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கா? இது நீங்க இழுத்தது.

— கோழி கிண்டுன மாதிரி இருக்கு. கை ஈரமா இருந்திருக்கும்.

— ஈரம்னா கோடு அறுந்து அறுந்து வரும். இது அறாம நெளியுது. கொஞ்சம் விலகினாலே பட்டன் பழைய இடத்துக்குப் போயிருது. நெஞ்சு வலியில கூப்பிடுதவனுக்கு விரல் நேராவா போகும்? நான் மெயில் போட மாட்டேங்க. உங்க கோட்டையே வச்சு புரோகிராம் விரலையும் நடுங்க விடுதேன். ரிப்போர்ட்ல எபினேசர், வயசு நாப்பத்தொண்ணு, ஸ்கூல் வேன் டிரைவர்னு போட்டுருதேன்.

— என் பேரைப் போடாத.

— ஏன்?

— போடாதன்னா விடேன்.

— கையை நீட்டுங்க. சும்மா நீட்டுங்கங்கேன். ... ஏங்க, எத்தனை நாளா இப்படி?

— ஈஸ்டருக்கு முன்னாடியே இருக்கு. வலது கையில மட்டும்தான்.

— டாக்டரைப் பாத்தீங்களா?

— ஏதாவது நோய்ப் பேரைச் சொல்லிருவாரோன்னு பயம். அதான் போகல.

— வேன்ல இருபத்திரெண்டு பிள்ளைங்க. நம்ம ஜாஸ்மினும் அதுலதான் போறா. இந்தக் கையை வச்சுக்கிட்டா ஸ்டியரிங் பிடிச்சீங்க?

— ஜாஸ்மினைத் திட்டாத. அம்மாகிட்டச் சொல்லாதன்னு நான்தான் அவகிட்டச் சொல்லி வச்சேன். மூணு வாரமா வேனை மாத்து டிரைவர் தங்கப்பழம்தான் ஓட்டுதான், ஷீலா. நான் கதவுப் பக்கம் நின்னு பிள்ளைகளை ஏத்தி இறக்குதேன்.