இருபத்து மூணாவது திருத்தம்

கோமதி: ...ஏங்க, செத்த உக்காருங்களேன். நாலு மணிக்குள்ள தரையே தேஞ்சிரும் போலுக்கே.

பேச்சிராஜ்: உக்காந்தா மட்டும் மேனேஜர் விட்டுருவாரா? நாலு மணிக்குக் கூப்பிட்டு முடிவு சொல்லுதேன்னிருக்காரு. இப்பமே மூணே கால்.

கோமதி: என்ன முடிவு?

பேச்சிராஜ்: நான் எழுதுன போட்டோ ஆப்புல படம் கிழிஞ்சு கிழிஞ்சு தெரியுதுன்னு ஊரெல்லாம் புகார். தப்பு என் மேலன்னா... வேலை அம்புட்டுதான்.

கோமதி: ஒரு தப்புக்கா அனுப்பிருவாக?

பேச்சிராஜ்: போன மாசம் இசக்கிராஜாவ அனுப்பினாகளே... இதவிடச் சின்னத் தப்புட்டி.

கோமதி: ...காப்பி போடட்டா?

பேச்சிராஜ்: இது மூணாவது காப்பி. இன்னைக்கு என்ன, உபசாரம் பலமா இருக்கு?

கோமதி: புருசனுக்குக் காப்பி குடுத்தா அதுக்கும் விசாரணையா?

பேச்சிராஜ்: சரி, இங்கன வா. நீயும் கம்ப்யூட்டர் படிச்சவதான. படம் வரையுத சிப்புக்கு மெமரியில இடம் ஒதுக்கிக் குடுக்க லைப்ரரின்னு ஒரு பொதுப் புரோகிராம் இருக்குல்லா, யாரு வேணும்னாலும் திருத்தலாம்னு அதுக்கு ஒரு கையேடு இருக்கே, அதப் பாத்துதான் நான் எழுதுனேன்.

கோமதி: ம்...

பேச்சிராஜ்: புதுப் படம் ஏத்துததுக்கு முன்ன, சிப்பு வேலைய முடிக்கட்டும், காத்திருன்னு இருக்கு. காத்திருந்தேன். ஆனா இடத்தத் திரும்ப வாங்கும்போது இன்னொரு தடவயும் காத்திருக்கணுமாம். அது கையேட்டுல இல்ல.

கோமதி: சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே இலைய உருவுன மாதிரி ஆயிருக்கும்...

பேச்சிராஜ்: அதேதான்! எப்படிட்டி டக்குனு பிடிச்ச?

கோமதி: அது... சும்மா ஒரு ஊகம்தான்.

பேச்சிராஜ்: முன்ன அந்தக் 'காத்திரு'ங்குத வரி ரெண்டு இடத்துலயும் இருந்திருக்கு. ஆடி மாசம் யாரோ ஒண்ண எடுத்திருக்காக.

கோமதி: யாராம்?

பேச்சிராஜ்: நீதான் சொல்லணும். பாப்பா தூங்குத நேரமெல்லாம் அந்தக் கையேட்டுல கமா, விட்டுப்போன சொல்லுன்னு திருத்திக்கிட்டு இருந்தல்லா?

கோமதி: நான் திருத்துனதெல்லாம் சின்னச் சின்னது...

பேச்சிராஜ்: இதுவும் சின்னதுதான். ஒத்த வரி.

கோமதி: இந்தப் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு. ஜன்னலச் சாத்துதேன்.

பேச்சிராஜ்: கோமதி...

கோமதி: இருங்க, கொண்டி விழல.

பேச்சிராஜ்: விழுந்திருச்சா?

கோமதி: ...நாந்தான். இருபத்து மூணாவது திருத்தம். ஒரே வரி ரெண்டு தடவ வந்துச்சு, கைதவறிப் போட்டிருக்காகன்னு ஒண்ண எடுத்துட்டேன். கையேட்டப் பாத்துக்கிடுதவுகளும் சரின்னு ஏத்துக்கிட்டாக. காலையில நீங்க புலம்பும்போதே தெரிஞ்சுபோச்சு... சொல்ல வாய் வரல.

பேச்சிராஜ்: எனக்கும் காலையிலயே தெரியும்.

கோமதி: தெரியுமா! பெறவு எதுக்கு மனுசிய இப்படிப் போட்டு வறுத்திய?

பேச்சிராஜ்: நீயா சொல்லுதியான்னு பாத்தேன். ஏட்டி, திருத்தத்துக்குக் கீழ பேரப் போட்ட, சரி... சங்கரன்கோவில்னு ஊரையும் எதுக்குட்டி போட்ட?

கோமதி: வேலைய விட்டு அஞ்சு வருசம் ஆச்சு. பாப்பாவோட அம்மான்னுதான எல்லாரும் கூப்பிடுதாக. உதவுனவுகளுக்கு நன்றின்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல என் பேரு வருதுன்னா... ஊரோடதான் வரட்டுமேன்னு போட்டேன். சிரிக்காதிய.

பேச்சிராஜ்: யாரு சிரிச்சா?

கோமதி: நாலு மணிக்கு அவருகிட்ட என்ன சொல்லப் போறிய?

பேச்சிராஜ்: சொல்லியாச்சு. ரெண்டு மணிக்கே ஒரு தடவ கூப்பிட்டாரு. மொட்டமாடிக்குப் போயிப் பேசுனேன்.

கோமதி: துணி எடுக்கப் போறேன்னு போனிய!

பேச்சிராஜ்: "அந்த வரிய எடுத்தது உங்க ஊர்க் கோமதியாமே, தெரியுமா?"ன்னு கேட்டாரு.

கோமதி: நீங்க...?

பேச்சிராஜ்: "எங்க ஊர்ல தெருவுக்கு நாலு கோமதி சார், நான் யாரக் கண்டேன்? கையேடு எப்படி இருந்தா என்ன, நான்தான் சோதிச்சுப் பாத்திருக்கணும்"னுட்டேன். ஆபீஸ்ல இருந்து புகார் எழுதி, நன்றிப் பக்கத்துல உன் பேர அடிச்சிரக் கூடாதுல்லா... என்னட்டி, முகம் இப்படிப் போவுது?

கோமதி: அவரு கேட்டது ரெண்டு மணிக்குத்தானா? நல்லா ஞாபகம் இருக்கா?

பேச்சிராஜ்: ரெண்டு அஞ்சு. ஏன்?

கோமதி: பாவி மனுசா... பன்னெண்டு மணிக்கே நான் அவருக்கு மெயில் போட்டுட்டேங்க. "தப்பு என்னுது, எங்க வீட்டுக்காரரு மேல ஒண்ணும் இல்ல"ன்னு... கீழ, கோமதி பேச்சிராஜ்னு முழுப் பேரும் போட்டு.