மூன்று முறை பிடுங்கிச் செருகினால்

மூன்று மணி நேரம் பத்து நிமிடம். கரியாலூர் கிளையின் போன் அவ்வளவு நேரம் பேசாமல் கிடந்தது என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரி, மேடம். அந்த நேரத்துக்குள் செல்லியம்மாள் என்ற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது, அதன் பிறகு உதிரம் நிற்காமல் அவள் இறந்தாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரி. அடுத்த வரியில்தான் தப்பு இருக்கிறது. ஜெயப்பிரகாஷ் சாரின் கவனக்குறைவு என்று போட்டிருக்கிறீர்கள். கணினிப் பிரிவில் அவர் எனக்கு மேலதிகாரி, ஆனால் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. அவருடைய பாஸ்வேர்டில் நான் செய்தேன். எனக்கென்று தனியாக ஒன்று யாரும் கொடுக்கவில்லை. இரண்டு வருடமாக அவருடையதில்தான் எல்லா வேலையும் பார்க்கிறேன். கவனக்குறைவு என்ற சொல்லும் பொருந்தாது. நான் கவனமாக வேலை செய்கிறவள்.

நேற்று நீங்கள் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடப் போயிருந்தேன் என்று மட்டும் சொன்னேன். இன்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன். நடுவில் நிறுத்தாமல் இருந்தால் முழுவதும் சொல்லிவிடுவேன்.

எங்கள் மருத்துவமனை கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. மலைமேல் கரியாலூரில் ஒரு சின்னக் கிளை. நாலு கட்டில், ஒரு நர்ஸ். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மலைக்கும் கீழுக்கும் நடுவே ஒரு கேபிள். அங்கே சுவரில் மாட்டிய ஸ்விட்ச் என்கிற தட்டைப் பெட்டியை நான் இங்கிருந்தே என் திரையில் பார்ப்பேன், மாற்றுவேன். பெட்டியில் வரிசையாகத் துளைகள். ஒரு துளையிலிருந்து ஒரு ஒயர் ஒரு மேஜைக்குப் போகும். மேஜையில் முதலில் போன், போனின் முதுகிலிருந்து இன்னொரு குட்டி ஒயர் கணினிக்கு. அதாவது ஒரே ஒயரில் இரண்டு பாதை. கணினியின் பாதைக்குப் பத்து என்று எண் கொடுத்திருந்தேன். பேச்சின் பாதைக்கு இருபது. இருபதை இருபத்தொன்று என்று மாற்றினால் பேச்சு மட்டும் நின்றுபோகும். போனில் வெளிச்சம் இருக்கும், கணினி ஓடும், நோயாளியின் பெயரைப் பதியலாம், மாத்திரை இருப்பைப் பார்க்கலாம். கீழே இருக்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாக நடப்பதாகத்தான் தெரியும். அந்தக் கணினியிலிருந்து யாருக்கும் ஒரு வரிகூட எழுதி அனுப்ப முடியாது. ஜெயப்பிரகாஷ் சார் அப்படித்தான் அமைத்திருந்தார்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் மருத்துவமனையின் கணினி அறை. குளிராக இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளலாம், யாரும் பேச மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் என் மேஜையிலும் ஒரு போன் வைத்தார்கள். கிளைகளில் ஏதாவது பழுது என்றால் இனிமேல் அருள்மொழியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பழுதுக்காகக் கூப்பிட்டவர்களை எனக்குப் பிடிக்கும். கரியாலூர் நர்ஸ் ராஜாம்பாள் அக்கா பழுதே இல்லாமல் கூப்பிடுவார். அவருக்கு அங்கே பேச்சுத் துணை இல்லை. மழை தூறினாலே செல்போன் டவர் படுத்துவிடும். என் மேஜை போன் மணியடித்தால் நாலைந்து மணி போகவிட்டுத்தான் எடுப்பேன்.

"இன்னா அருளு, சோறு துன்னியா?"

"ம்."

"இன்னா கொழம்பு?"

நான் யோசிப்பதற்குள் அவரே சொல்லுவார், "அதுக்கும் ம்-தானா? ம் கொழம்பா வெச்சாங்க உங்க வூட்ல?"

அதை நான் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். எனக்குத் தெரியாது. ஏதோ கேட்டார், நான் திக்கித் திக்கிப் பதில் சொன்னேன். அந்தப் பக்கம் சட்டென்று ஒரு கூட்டம் சிரித்தது. மாத்திரை வாங்க வந்து உட்கார்ந்திருந்த பெண்கள்.

"கேட்டீங்களாடி? பி.எஸ்சி. படிச்ச பொண்ணு. பேசச் சொன்னா கோழி முட்ட போடற மாரி முக்குது பாரு."

மறுபடி சிரிப்பு. ஒரு குரல் மட்டும் சிரிக்காமல், "உடுங்க சிஸ்டர், பாவம்" என்றது. சிரித்தவர்களை நான் மறந்துவிட்டேன். பாவம் என்ற குரல் மட்டும் நினைவில் நிற்கிறது. அது யார் என்று நான் விசாரிக்கவில்லை. இப்போதும் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அன்றைக்குத்தான் முதல் முறையாக இருபதை இருபத்தொன்று ஆக்கினேன். அரை மணி நேரம் அமைதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். என் திரையில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு பச்சைப் புள்ளி உண்டு. ஒயரைப் பிடுங்கினால் புள்ளி சாம்பல் நிறமாகும், செருகினால் பச்சையாகும். ஐந்து நிமிடத்தில் கரியாலூர் புள்ளி சாம்பலாகிப் பச்சையானது. அக்கா ஒயரைப் பிடுங்கிச் செருகுகிறார் என்று புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. மூன்றாவது முறை அணைந்து எரிந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. பழையபடி இருபது என்று மாற்றிவிட்டேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார். "அருளு, ஒரு மாயம் சொல்றன் கேளு. போன் செத்துச்சினா ஒயரப் புடுங்கி மூணு வாட்டி சொருவணும். நாலாவதுக்கு வேலையே இல்ல. ஜம்முனு வந்துடுது."

அதற்குப் பிறகு அவர் தொல்லை செய்யும்போதெல்லாம் பேச்சை நிறுத்தினேன். வாரத்தில் இரண்டு முறை இருக்கும். அவர் மூன்று முறை பிடுங்கிச் செருகுவார். நான் திருப்பிக் கொடுப்பேன். ஒரு தடவையும் ஏமாற்றியதில்லை. என்னிடம் ஒருவர் கேட்டு, நான் உடனே, தடுமாறாமல் பதில் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அந்தப் பேச்சு எனக்கு வந்தது.

கரியாலூரில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். மூன்றாவது முறை செருகுவதற்கு முன்னால் ஒயரைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களாம். ஜெயப்பிரகாஷ் சார் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாம ரெண்டு பேரு இங்க படிச்சிட்டு குந்திகினு இருக்கறோம். சிஸ்டர் அங்க போனுக்கு மந்திரிச்சிகினு இருக்கறாங்க. கற்பூரமும் காட்டச் சொல்லும்மா."

நானும் சிரித்தேன். அந்தப் போனைப் பழுது பார்க்க அதன் பிறகு யாரும் மலையேறவில்லை. தேவை இருக்கவில்லை.

இப்போது அந்த நாளைப் பற்றி. முந்தின நாள் சாயங்காலமே மலையில் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. கிளையில் பேட்டரி இருந்ததால் எங்கள் போன் மட்டும் வேலை செய்தது. மலைமேல் அன்றைக்கு வெளியே பேசக்கூடிய போன் அது ஒன்றுதான். ராஜாம்பாள் அக்கா காலையில் இரண்டு தடவை கூப்பிட்டார். முதல் தடவை, "அருளு, உனுக்கு மாப்ள வூட்டுக்காரங்க போன் பண்ணா எனுக்குத் தள்ளி உடு. ம்-னு சொல்லத்தான, அத நானே சொல்லிக்கறன்" என்றார். இரண்டாவது பேச்சு முடிந்து போனை வைத்தேன். மணி பதினொன்று. இருபதை இருபத்தொன்று ஆக்கினேன்.

மதியம் இரண்டு மணிக்குப் பிறகு சடையன் மலையடிவாரத்தில் இருக்கிற கச்சிராயபாளையம் போய்ச் சேர்ந்தார். செல்லியம்மாளின் கணவர். வழியில் இரண்டு இடத்தில் மரம் விழுந்து கிடந்ததாம். பைக்கைப் போட்டுவிட்டு, நடந்து, வேறு ஒருவர் வண்டியில் ஏறிப் போயிருக்கிறார். எங்கள் வேன் அங்கேதான் நிற்கும். டிரைவர் அங்கிருந்து எங்கள் அவசரப் பிரிவைக் கூப்பிட்டார். கீழே ஆட்கள் ஓடும் சத்தம் என் அறைக்குக் கேட்டது. அப்போதுதான் இருபது என்று மாற்றினேன். உங்கள் கணக்கில் இருக்கிற பத்து நிமிடம் அதுதான். வேன் மரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டு மேலே போவதற்குள் முடிந்துவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறதாம். பெண் குழந்தை.

சடையனை ஏன் அவ்வளவு தாமதமாக அனுப்பினீர்கள் என்று ராஜாம்பாள் அக்காவை நீங்கள் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் அழுதுகொண்டே, "மூணு வாட்டில வந்துடும்னு இருந்துட்டன்மா" என்றாராம். உங்களுக்கு அது புரிந்திருக்காது. புத்தி கெட்ட பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். அதில் அவர் மேல் தப்பில்லை. மாதக்கணக்காக அப்படித்தான் நடந்தது. முதல் மூன்று முறைக்கு வராததால், எண்ணிக்கையில் தவறிவிட்டோம் என்று நினைத்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். மறுபடி மூன்று. பிறகு மறுபடி மூன்று. ஒரு கையால் அவள் வயிற்றை அழுத்திக்கொண்டு, பெருக்குகிற அம்மாவை ஒயரிடம் நிற்க வைத்திருக்கிறார். கண்ணில் ஒற்றச் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வயிற்றை அழுத்தியதும் கண்ணில் ஒற்றியதும் பிறகு சொல்லிக் கேட்டது. மற்றது நான் திரையில் பார்த்தது.

நான் சாப்பிடப் போகவில்லை, மேடம். அறையில்தான் இருந்தேன். புள்ளி முதலில் வேகமாக அணைந்து எரிந்தது. கை மாறியபோது அது மெதுவானது. போன் உயிர் பெற ஒரு நிமிடம் பிடிக்கும், அதற்குக்கூடக் காத்திருக்காமல் பிடுங்கினார்கள். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. மறுபடி ஆரம்பித்தது. எண்ணிக்கொண்டு வந்தேன், ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். என் விரல் விசைப்பலகை மேலேயே இருந்தது. எப்போது வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்பதால் எனக்குப் பதற்றமாக இல்லை. மதியம் ஒரு மணிக்கு மேல் புள்ளி அசையாமல் பச்சையாகவே நின்றது. சடையனை அப்போதுதான் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன்.

நான் கெட்டவள் இல்லை. ராஜாம்பாள் அக்கா மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. சத்தம் போடாமல் கேட்டால் யாருக்கும் எதையும் நான் மறுத்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பேச்சில் அவர் என்ன சொன்னார் என்பதை நான் இதுவரை சொல்லவில்லை. அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை. குரல் தணிந்திருந்தது. பின்னால் ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள்.

"அருளு, சடையன் பொண்டாட்டிய தூக்கியாந்துகிறாங்க. எனுக்கு இன்னாவோ சரியாப் படல. எந்நேரமும் டாக்டர கூப்புடற மாரி இருக்கும். போன் மட்டும் போவாம பாத்துக்க, கண்ணு."

"சரிக்கா" என்றேன். திக்கவில்லை. போனை வைத்துவிட்டுத்தான் எண்ணை மாற்றினேன். அன்றைக்கு அவர் மூன்றோடு நிறுத்த மாட்டார், என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார் என்று எனக்குத் தெரியும்.