ஏழாம் நாள் புதுத்தோல்

அந்தப் பெண் வந்த அன்று காலை பத்தே கால் மணிக்கு நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை கூடுதல். நிதானமாகத்தான் இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா.

பெயர் மதியழகன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஆலையில் பதினோரு வருடம். உண்ணி கடித்த ஆட்டுத்தோல் விலை போகாது. மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துச் சாயம் ஏற்றினால் கடித்த இடம் தெரியாது. அதில் என் வேலை சுத்தம்.

2002-ல் ஆலையை மூடினார்கள். அந்த வாரம் ஒரு பத்திரிகையில் படித்தேன்: டாக்டர்கள் முகத்தின் மேல்தோலை அமிலத்தால் உரித்துத் தழும்பை நீக்குகிறார்களாம். என் வேலைதான். வெள்ளை கோட்டு மட்டும் என்னிடம் இல்லை. தைத்துக்கொண்டேன்.

நாகல்நகரில் அறை பிடித்து நோட்டீஸ் அடித்தேன். முதல் நாள் சிவக்கும், மூன்றாம் நாள் உரியும், ஏழாம் நாள் புதுத்தோல்.

பானுப்ரியா வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கிற பெண். கன்னமெல்லாம் பருத்தழும்பு. இரண்டு வரன் தட்டிப்போயிற்று என்று அவள் அம்மா சிவனம்மாள் சொன்னார்.

"அடுத்த வெள்ளி மாப்ள வீட்டுக்காரவுக வாராக தம்பி. அதுக்குள்ள ஆயிருமா?"

"எட்டு நாள் கெடக்கேம்மா. ஒரு நாள் மிச்சம்."

பூசினேன். தோல் வேலையில் நிறம் பார்த்துத்தான் நேரம் கணிப்போம். நிறம் வருமுன் அவள் கத்தினாள். பதினோரு வருடத்தில் எந்தத் தோலும் கத்தியதில்லை. சத்தத்தை வைத்துக் கணிக்க எனக்குப் பழக்கமில்லை. கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "செத்த நேரம் பொறுத்துக்கடி" என்று அம்மாவே பிடித்துக்கொண்டார். நிறம் வந்த பிறகுதான் கழுவினேன். நான் அவசரக்காரன் இல்லை.

அமிலம், ஆலை மூடியபோது எடுத்துவந்த கேனில் இருந்தது. ஆட்டுத்தோலுக்கு ஊற்றுவதில் பாதிதான் ஊற்றினேன். மனுஷப் பிள்ளை என்று எனக்குத் தெரியாதா?

முதல் நாள் சிவந்தது. மூன்றாம் நாள் உரிந்தது. நோட்டீஸில் இருந்தபடியே. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் திரும்பினார்களாம். அவர்களுக்குப் பொறுமை போதாது.

நேற்று அவள் அடையாளம் காட்டுவதற்காக என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். அவள் சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். துணியை விலக்கி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. நோட்டீஸை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"அண்ணே, ஏழாம் நாளுன்னு போட்டிருக்கு. இன்னையோட நாப்பதாச்சு. இன்னும் எத்தன நாளாகும்ணே?"