டப்பாவில் மண்புழு

டெல்லி மோதி பாக்கில் மகளோடு பேருந்தில் ஏறி என் முன்னால் உட்கார்ந்த ஒரு அம்மா, அவளுடைய பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தாள்.

"திறக்காதேம்மா. உள்ள மண்புழு இருக்கு."

"காலையில தயிர்சாதம்தானேடி குடுத்தேன்?"

"அதைச் சாப்டாச்சு. ஸ்கூல் தோட்டத்துல நாங்களே மண்ணைத் தோண்டி எடுத்தோம். மிஸ் வீட்ல வளர்க்கச் சொன்னாங்க. பால்கனித் தொட்டியில விட்டுக்கறேனே, ப்ளீஸ்."

"வேண்டாம். இறங்கினதும் பார்க்ல விட்டுடு."

"இந்த வெயில்லயா? செத்துடும்மா."

அம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.

"மூடியில என்னடி ஓட்டை?"

"அதுங்க மூச்சு விடறதுக்கு. காம்பஸால குத்தினேன்."

"அச்சா, நல்லா இருக்கு! புது டப்பாடி இது."

ஜன்னல் வெயில் மடியில் விழுந்தது. அம்மா டப்பாவைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு ஓட்டை போட்டிருக்கலாம்" என்றாள்.